எடை குறைத்தவரின் வீட்டாருக்கு ஒரு திறந்த மடல்

அம்மாக்களுக்கும் மாமியார்களுக்கும், கணவர்களுக்கும் மனைவியருக்கும், கல்யாணப் பந்தியில் கரண்டியோடு நிற்கும் சித்தப்பாக்களுக்கும், அலுவலகத்தில் வாரம் ஒரு பிறந்தநாள் கேக் வெட்டும் நண்பர்களுக்கும் வணக்கம்.

உணவு ஆலோசனை சொல்வது என் தொழில். எடையைக் குறைக்க வேண்டும் என்று வருகிறவர்கள் எதிரே உட்கார்ந்து பேசுவார்கள். பேசி முடித்ததும் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பேன். அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அவர்கள் திரும்புவது உங்களிடம்தான். எந்த அரிசி, எவ்வளவு எண்ணெய், ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு, விடிகாலையில் யார் வீட்டைவிட்டு வெளியே போகலாம் என்பதையெல்லாம் முடிவு செய்கிற நீங்கள் என் அறைக்கு வருவதே இல்லை. அதனால்தான் இந்த மடல்.

எடையைக் குறைப்பது எப்படி என்று சொல்லப்போவதில்லை. அதைச் சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. உங்கள் வீட்டில் ஒருவர் குறைத்தே விட்டார் என்று வைத்துக்கொள்வோம். 8 கிலோ, 10 கிலோ. சட்டை தொளதொளவென்று தொங்குகிறது. ஜாக்கெட்டையெல்லாம் பிடித்துத் தைக்கக் கொடுத்தாயிற்று. இனி? குறைத்தவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள் இழந்ததில் பெரும்பகுதியைத் திரும்ப ஏற்றிக்கொள்கிறார்கள். "வாயைக் கட்டத் தெரியல" என்று நாமும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அந்தப் பழி முழுவதும் அவருக்குரியது இல்லை. ஒரு பங்கு அவருடைய உடம்புக்கு, இன்னொரு பங்கு நமக்கு.

நம்முடைய பங்கு பெரும்பாலும் ஒரு விசாரிப்பில் தொடங்குகிறது. மாதக்கணக்கில் பாடுபட்டு மெலிந்த ஒருவர் கிரகப்பிரவேசத்துக்கு வருகிறார். வாசலிலேயே பிடித்துக்கொள்கிறோம். "என்னப்பா இப்படி இளைச்சுட்ட? சுகர் கிகர் வந்துருச்சா?" அடுத்தவர், "கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சே, முகத்துல களையே இல்லையே" என்கிறார். மூன்றாவது ஆள் அவர் மனைவியைத் தனியே கூப்பிட்டு, "வீட்டுல எதுவும் பிரச்சினை இல்லையே?" என்று கிசுகிசுக்கிறார். பந்திக்குப் போவதற்குள் அந்த மனிதருக்குத் தான் செய்தது நல்ல காரியந்தானா என்ற சந்தேகம் வந்துவிடும்.

கேட்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. மெலிவைக் கண்டு பயப்பட இந்த மண்ணுக்குக் காரணம் உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்களைக் கொண்டுபோன பஞ்சம் இருந்தது. அதற்குப் பிறகும் காசநோய், ரேஷன் வரிசை, கூழுக்கும் வழியில்லாத கோடை என்று எத்தனையோ. பூசினாற்போல் இருக்கிற பிள்ளை சோற்றுக்குக் குறைவில்லாத வீட்டுப் பிள்ளை என்று நினைத்ததில் தப்பே இல்லை. ஆனால் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் அதிக எடையோ உடல்பருமனோ உள்ளவர்கள். அதற்கு முந்தைய ஆய்வில் பெண்களின் கணக்கு 30.9 ஆக இருந்தது. பாட்டி காலத்துப் பயத்தை வைத்துக்கொண்டு பேத்தி காலத்து உடம்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

"அவ என்ன குண்டா? இருக்கிறதே கொஞ்சம், அதுல எதைக் குறைக்கிறது?" என்று கேட்பவர்களுக்கு ஒரு புகைப்படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2004-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கினும் அருகருகே நிற்கிறார்கள். உயரத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதமான பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றே, 22.3. பார்வைக்கு இருவரும் ஒல்லி. உடம்பில் உள்ள கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. நம் உடம்பு கொழுப்பை ஒளித்து வைப்பதில் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. அதனால்தான் மேற்கத்தியருக்கு 25-இல் தொடங்கும் எச்சரிக்கை நமக்கு 23-லேயே தொடங்குகிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80-ஐயும் எட்டினால் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன குடும்பநல ஆய்வு 25 என்ற கோட்டை வைத்து எண்ணியது. 23 என்று வைத்தால் கணக்கு இன்னும் ஏறும்.

இனி உடம்பின் பங்கு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் நடக்கும் பாதிச் சண்டைக்கு இது தெரியாததுதான் காரணம்.

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி ஒரு சோதனை நடத்தினார். போரால் பட்டினி கிடக்கும் மக்களுக்கு எப்படிச் சோறூட்டி மீட்பது என்று தெரிந்துகொள்வது நோக்கம். ஆயுதம் தூக்க மாட்டோம் என்று கொள்கையாக நின்ற 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். 24 வாரம் அரைப்பட்டினி. எடையில் ஏறக்குறைய கால் பங்கு போயிற்று. அந்த நாட்களில் அவர்கள் அரசியலை மறந்தார்கள், காதலை மறந்தார்கள். சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்துப் படித்தார்கள், தட்டை நக்கினார்கள். வேடிக்கை அதற்குப் பிறகுதான். பட்டினி முடிந்து தாராளமாகச் சாப்பாடு கிடைத்த பிறகும் வயிறு முட்டத் தின்றுவிட்டு இன்னும் பசிக்கிறது என்றார்கள். உடம்பில் கொழுப்பு முன்பிருந்ததைவிட அதிகமாகச் சேர்ந்துவிட்டுத்தான் ஓய்ந்தது. கொள்கைக்காகச் சிறை செல்லவும் தயாராக இருந்த கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் இவர்கள். மன உறுதி இல்லாதவர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

2011-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதற்குள்ளே இருக்கும் சூட்சுமத்தைக் காட்டினார்கள். அதிக எடையுள்ள 50 பேருக்குப் பத்து வாரம் மிகக் குறைந்த உணவு கொடுத்து எடையைக் குறைத்தார்கள். ஓராண்டு கழித்து ரத்தத்தைப் பார்த்தால், பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் இன்னும் ஏறியே இருந்தது, போதும் என்று சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் இன்னும் இறங்கியே இருந்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் அப்போது பணியாற்றிய கெவின் ஹாலும் சக ஆய்வாளர்களும் போட்ட கணக்கின்படி, குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 கலோரி அளவுக்குப் பசி கூடுகிறது. 100 கலோரி என்றால் கிட்டத்தட்ட ஒரு மெதுவடை. போதாததற்கு, உடம்பு செலவழிப்பதும் குறைந்துவிடுகிறது.

'தி பிக்கெஸ்ட் லூசர்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியைச் சிலர் பார்த்திருப்பீர்கள். கடும் பயிற்சியிலும் கடும் உணவுக் கட்டுப்பாட்டிலும் ஆளை உருக்கி எடுப்பார்கள். அதில் கலந்துகொண்ட 14 பேரை ஹால் குழு ஆறு ஆண்டுகள் கழித்துத் தேடிப்பிடித்துப் பரிசோதித்தது. போட்டியில் சராசரியாக 58 கிலோ இழந்தவர்கள் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவர்கள் உடம்பு எரிக்கும் ஆற்றல், அதே அளவுள்ள ஒருவருக்கு எதிர்பார்ப்பதைவிட நாளைக்கு 500 கலோரி குறைவாக இருந்தது. கொழுப்பு இருந்த நாளை உடம்பு அவ்வளவு காலம் நினைவு வைத்திருக்கிறது.

ஆகவே சாப்பிட்டு முடித்த பிறகும் உங்கள் மகன் அடுப்படியில் எதையோ தேடுகிறான் என்றால் அது நாக்கு ருசி மட்டும் இல்லை. அசல் பசி. அவன் அதோடு மல்லுக்கு நின்றுகொண்டிருக்கும்போது பின்னாலிருந்து "ஒண்ணே ஒண்ணு போட்டுக்கோ" என்று தோசைக்கரண்டியை நீட்டினால் நீங்கள் எந்தப் பக்கம் சேர்ந்துகொண்டீர்கள் என்று யோசியுங்கள்.

சமையலறைக்கு வருவோம். எடை குறைத்தவருக்கென்று தனியாக ஓட்ஸ் கஞ்சி, தனியாகச் சப்பாத்தி, மற்றவர்களுக்குப் பூரி மசாலா என்ற ஏற்பாடு இரண்டு மாதம் தாங்கும். மூன்றாவது மாதம் பூரிதான் ஜெயிக்கும். வீட்டுக்கே ஒரே சமையல் என்று மாறினால்தான் நிற்கும், அதற்குப் பெரிய புரட்சி எதுவும் தேவையில்லை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாளைக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம் என்று கணக்குச் சொல்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதத்துக்குச் சுமார் மூன்றரை லிட்டர். நெய்யும் வெண்ணெயும் இதற்குள்ளேயே அடக்கம். மளிகைக் கடையில் நீங்கள் வாங்கும் கேன் எத்தனை லிட்டர், அது எத்தனை நாளில் தீர்கிறது என்று பாருங்கள். பொரியலில் சொட்டுச் சொட்டாகக் கணக்குப் பார்ப்பதைவிட மாதக் கணக்கைப் பார்ப்பது சுலபம். வாங்காத எண்ணெய் வாணலிக்கு வராது.

சோற்றை விரோதியாக்க வேண்டாம். அளவுதான் சிக்கல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் நடத்திய நாடு தழுவிய ஆய்வு, நாம் உண்ணும் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது. நம் தட்டில் ஒரு மலை சோறு, அதன் ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல். இதைத் திருப்பிப் போட்டால் போதும். கீரைக் கூட்டு, அவரைக்காய்ப் பொரியல், சுண்டல், பாசிப்பருப்பு, முட்டை, மீன் இவை கூடட்டும், சோறு இறங்கட்டும். புரதமும் நார்ச்சத்தும் பசியைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போடும். பல வீடுகளில் மீன் துண்டு ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும், குழம்பும் சோறும் அம்மாவுக்கும் என்று ஒரு பங்கீடு உண்டு. எடை குறைத்தவர் அந்த அம்மாவாக இருந்தால் முதலில் மாற வேண்டியது அந்தப் பங்கீடு. சட்டியில் மிஞ்சியதை "வீணாப் போகுதே" என்று நின்றபடியே வழித்துச் சாப்பிடுவதும் பெரும்பாலும் அவர்தான். அடுத்த வேளைக்கு எடுத்து வையுங்கள், இல்லையென்றால் அரை ஆழாக்கு குறைத்துப் போடுங்கள்.

ஒரு இடைச்செருகல். சிறுதானியம் என்ற பெயரில் நடப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. கேழ்வரகும் தினையும் நல்லவை, நார்ச்சத்து உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கலோரியில் அரிசிக்கும் அவற்றுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. தினையில் நெய் ஒழுகப் பொங்கல் செய்தால் அதுவும் பொங்கல்தான். நாட்டுச் சர்க்கரை போட்ட காபி எடையைக் குறைக்கும் என்று நம்புகிறவர்களிடம் நான் வாதிடுவதை நிறுத்திவிட்டேன்.

பாக்கெட் தீனியைப் பற்றி ஒரு வரி. 2019-இல் ஹால் நடத்திய சோதனையில் 20 பேர் இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் வீட்டுச் சமையல் போன்ற உணவும் வேண்டுமட்டும் சாப்பிட்டார்கள். ஆலை உணவு சாப்பிட்ட இரண்டு வாரத்தில் தம்மை அறியாமலே நாளைக்கு 500 கலோரி அளவுக்குக் கூடுதலாக உள்ளே போயிருந்தது. பிஸ்கட்டும் சிப்ஸும் பிள்ளைகளுக்காகத்தான் வாங்குகிறோம் என்பீர்கள். பிள்ளைகளுக்கு மட்டும் அது வேறு விதமாகவா வேலை செய்யும்?

இதுவரை சொன்னது சுலபமான பகுதி. நீங்கள் கொடுக்க வேண்டியதில் மிகவும் விலை உயர்ந்தது நேரம்.

எடை குறைந்து அப்படியே நிலைத்து நிற்பவர்களைப் பற்றி நமக்கு ஓரளவு தெரியும். 1994-இல் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு பதிவேட்டைத் தொடங்கினார்கள். குறைந்தது 13.6 கிலோ குறைத்து, ஓராண்டாவது அதைக் காப்பாற்றியவர்கள் அதில் சேரலாம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். ஆளுக்கொரு வழியில் குறைத்தவர்கள். ஆனால் பத்தில் ஒன்பது பேர் சராசரியாக நாளைக்கு ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள், பெரும்பாலும் நடை. நான்கில் மூன்று பேர் வாரத்துக்கு ஒரு தடவையாவது எடை பார்க்கிறார்கள். அந்தத் தொலைக்காட்சிப் போட்டியாளர்களிலும் குறைத்ததைக் காப்பாற்றிக்கொண்டவர்கள் அதிகம் ஓடியாடியவர்கள்தான் என்று 2017-இல் வந்த தொடர் ஆய்வு சொன்னது.

நடந்தால் எடை குறையும் என்று நம்பி, நடந்தும் குறையவில்லையே என்று அலுத்துக்கொள்பவர்கள் நிறைய. ஒரு மணி நேரம் விறுவிறுவென்று நடந்தால் 250 கலோரி போகும். திரும்பும் வழியில் இரண்டு வடையும் ஒரு காபியும் அதை மீட்டுக் கொடுத்துவிடும். குறைக்கிற வேலையில் அடுப்படிக்குப் பெரும்பங்கு. குறைத்ததைக் காக்கிற வேலையில் கால்களுக்குப் பெரும்பங்கு. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். பட்டினியால் இழக்கும் எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு கொழுப்பில்லாத பகுதியிலிருந்து, அதிலும் தசையிலிருந்து போகிறது. அதைத் தடுக்க நடை மட்டும் போதாது. நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது, படியேறுவது, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்கி இறக்குவது என்று வாரம் இரண்டு மூன்று நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும்.

நாளைக்கு ஒரு மணி நேரம். இது யாருக்குக் கிடைக்கிறது? சென்னை மெரினாவிலோ கோவை ரேஸ்கோர்ஸிலோ விடிகாலையில் போய்ப் பாருங்கள். ஓய்வுபெற்ற ஆண்கள் கூட்டம் கூட்டமாக அரசியல் பேசிக்கொண்டு நடப்பார்கள். அதே நேரத்தில் அவர்கள் வீட்டுப் பெண்கள் பால் காய்ச்சி, டிபன் பாக்ஸ் கட்டி, குழந்தைக்குத் தலை பின்னி, மாமனாருக்கு மாத்திரை எடுத்து வைத்துக்கொண்டிருப்பார்கள். "வாக்கிங் போறேன்" என்று ஆண் செருப்பை மாட்டினால் யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. மருமகள் மாட்டினால், "காலங்காத்தால எங்க?" "இந்த வேலையெல்லாம் யார் பாக்குறது?" "வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே!" என்று வரிசையாக வந்து விழும்.

வீட்டு வேலை களைப்பைத் தரும், இடுப்பை ஒடிக்கும், மறுக்க மாட்டேன். ஆனால் இதயம் தொடர்ந்து வேகமாகத் துடிக்கும்படி அரை மணி நேரம் நடப்பதற்கு அது ஈடாவதில்லை. துணி மடிப்பது, வெங்காயம் நறுக்குவது, நின்றபடியே பத்துத் தடவை அடுப்புக்கும் சாப்பாட்டு மேசைக்கும் அலைவது எல்லாம் துண்டு துண்டான வேலை. அவ்வளவும் முடிந்தபின் நடையை நினைத்துப் பார்க்கக்கூடத் தெம்பிருக்காது. 

கணவர்களே, என்னிடம் வரும் பெண்கள் கேட்கும் மருந்து உங்களிடம் இருக்கிறது. காலை ஐந்தரையிலிருந்து ஆறரைவரை அடுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். சட்னி கொஞ்சம் உப்புக் கரித்தால் குடி முழுகாது. முதல் நாள் ராத்திரியே காய் நறுக்கி வையுங்கள். தெருவிளக்கு இல்லை, நாய் துரத்துகிறது, பின்னால் பைக் வருகிறது என்று அவர் சொன்னால் அது சாக்கு இல்லை. ஒரு வாரம் கூடப் போய்ப் பாருங்கள், இல்லையென்றால் மொட்டை மாடியைப் பெருக்கிக் கொடுங்கள். புடவையோடு ஷூ போட்டு நடக்கிற மாமியாரைப் பார்த்துத் தெரு சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். வீடு சிரிக்கக் கூடாது.

பந்திக்காரச் சித்தப்பாக்களிடம் ஒரே விண்ணப்பம்: இலையில் கையை விரித்து மறைத்தால் அந்தக் கைக்கு மேலேயே ஜாங்கிரியை வைக்காதீர்கள். 'எங்க கல்யாணத்துக்கு வந்து சாப்பிடாமப் போறதா' என்பது அன்பு என்று தெரியும். அந்த அன்பைத் தேங்காய்ப் பையில் போட்டுக் கொடுத்தாலும் அவர் வாங்கிக்கொள்வார்.

கடைசியாக, அவருக்கு 2 கிலோ திரும்ப ஏறும் நாள் வரும். ஏறாமல் இருக்காது. ஒரு தீபாவளி, ஒரு காய்ச்சல், பிள்ளையின் பொதுத்தேர்வு எது வந்தாலும் போதும். ஒரே நாளுக்குள் உப்பும் தண்ணீரும் சேர்ந்தே ஒரு கிலோவை ஏற்றி இறக்கும், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வாராவாரம் அதே நாள், அதே நேரம் பார்க்கும் எடை தொடர்ந்து ஏறினால்தான் விஷயம். 2 கிலோவில் பிடித்தால் இறக்கிவிடலாம், 8 கிலோவில் பிடித்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் "அப்பவே சொன்னேன், பழையபடி ஏறிடும்னு" என்று வீட்டில் யாராவது சொல்லிவிட்டால் அவர் எடைபார்க்கும் கருவியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார். பிறகு பிடிப்பது 8 கிலோவில்தான். எடையைப் பற்றி அவரே பேச்செடுத்தால் பேசுங்கள். இல்லையென்றால் நடைக்குத் துணைக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓர் உணவு ஆலோசகர்

பி.கு.: ஊசி போட்டுக் குறைக்கலாமாமே என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். செமாக்ளூடைடு போன்ற மருந்துகள் உண்மையாகவே வேலை செய்கின்றன, தகுதியானவர்களுக்கு மருத்துவர் தருவார். ஆனால் ஒரு பெரிய ஆய்வில் ஊசியை நிறுத்திய ஓராண்டில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. ஊசி போட்டவர் வீட்டாருக்கும் இந்த மடல் பொருந்தும். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் மருத்துவரிடம் கேட்காமல் உணவைக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம், அதை மட்டும் வீட்டில் அனுமதிக்காதீர்கள். எந்த முயற்சியும் செய்யாத ஒருவர் திடீரென்று மெலிந்தால், அப்போது தாராளமாகக் கேளுங்கள் "சுகர் இருக்கா?" என்று. கேட்டுவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.